தொட்டால் சொல்லுங்கள்

கண்ணில் மருந்து விட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கும். எதிரே இருந்த சுவர் துளசிங்கத்துக்கு மெல்ல மெல்லக் கரைந்துகொண்டு வந்தது. முதலில் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தின் எழுத்துகள் போயின, பிறகு காகிதமே போயிற்று, இப்போது வெள்ளையாக ஒரு பரப்பும் அதன்மேல் நகர்கிற நிழல்களும்தான் மிச்சம். விழித்திரையைப் படம் எடுக்கக் கண்பாவையை விரிய வைக்கிற மருந்து, சாயங்காலம் வரைக்கும் இப்படித்தான் இருக்கும், தனியாக எழுந்து நடக்காதீர்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். படம் எடுத்தாகிவிட்டது. வெறும் வயிற்றில் ஒரு தடவை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை என்று ரத்தமும் கொடுத்தாகிவிட்டது. சிறுநீரும் கொடுத்தாகிவிட்டது. இனிக் கால்தான். முன்னாள் படைவீரர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற சர்க்கரைப் பரிசோதனை அது. வேலூரில் அவர்களுக்கென்று இருக்கிற சின்ன மருத்துவமனையின் மாடி நடையில், இரும்பு பெஞ்சுகளில், தலை நரைத்த ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருமே செருப்போடு வந்திருந்தார்கள். கால் பரிசோதனை இருக்கிற நாளில் செருப்போடுதான் வருவார்கள், கழற்ற லேசு. துளசிங்கம் மட்டும் கறுப்பு ஷூவும் காக்கி சாக்ஸும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ராணுவத்தில் இருபத்து நாலு வருஷம் போட்ட பழக்கம் என்று கேட்டவர்களிடம் சொல்லலாம். யாரும் கேட்கவில்லை. மனைவி அமிர்தம் கூடக் கேட்கவில்லை. அவள் மாத்திரை வாங்குகிற வரிசையில் நிற்கக் கீழே போயிருந்தாள். போகும்போது, "நான் வர்ற வரைக்கும் எங்கியும் எழுந்து போய்டாதீங்க, கண்ணு தெரியாம விழுந்து தொலைக்கப் போறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். விழுவதைப் பற்றித்தான் அவளுக்குப் பயம். அவருக்கும் விழுவதைப் பற்றி மட்டும் பயமாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

இடது கால். அதைப் பார்த்து எட்டு நாள் இருக்கும், ஒன்பதுகூட இருக்கலாம். குனிந்தால் வயிறு இடிக்கிறது, குனிந்தாலும் பாதத்தின் அடி தெரியாது, தூக்கி முழங்கால்மேல் வைத்துக்கொள்ள இடுப்பு ஒத்துழைக்காது. இதெல்லாம் நிஜம். நிஜமாக இருப்பதால்தான் வசதியாகவும் இருந்தது. ஒன்பது நாளைக்கு முன்னால் குளித்துவிட்டு வந்தபோது தரையில் ஈரக்கால் தடம் பதிந்திருந்தது, இடது தடத்தின் நடுவில் கொஞ்சம் பழுப்பாக இருந்தது. மண்ணாக இருக்கும் என்று நினைத்தார். துண்டை எடுத்து அதைத் துடைத்தார். துடைத்த துண்டை அவரே துவைத்தார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஒரு துணி துவைக்காதவர் துண்டு துவைக்கிறாரே என்று அமிர்தம் கேட்டிருக்கலாம். அன்றைக்கு அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் சாக்ஸ். தரை சில்லென்று இருக்கிறது என்றார். சில்லென்று இருக்கிறது! தரை சில்லிடுவது அவர் காலுக்குத் தெரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. வெந்நீரா தண்ணீரா என்பதையே கையை விட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். ஆரம்பத்தில் பஞ்சு மேல் நடப்பது மாதிரி இருந்தது. அப்புறம் பஞ்சும் போய்விட்டது. ராத்திரிகளில் மட்டும் உள்ளுக்குள் எறும்பு ஊர்ந்தது, அதற்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள், பிறகு எறும்பும் ஊரவில்லை. குணமாகிவிட்டது என்றுதான் அவர் எல்லாரிடமும் சொன்னார்.

அப்புறம் அந்த எலி. மூன்று நாளைக்கு முன்னால் காலையில் அமிர்தம் அடுப்படியிலிருந்து மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தாள். "இன்னாங்க, எங்கியோ எலி செத்துக் கெடக்குதுங்க." இரண்டு பேருமாகத் தேடினார்கள். பீரோவை நகர்த்தினார்கள், அரிசி டிரம்மை உருட்டினார்கள், அவள் வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்துக் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், அவர் பக்கத்தில் நின்று டார்ச் அடித்தார். அடுப்படியில் தேடினால் அடுப்படியில் நாறுகிறது, கூடத்துக்கு வந்தால் கூடத்தில் நாறுகிறது. "இது இன்னா எலிங்க, நம்ம கூடவே வருது" என்று அவள் தலைமுடியில் ஒட்டடையோடு எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே பார்வை தன் சாக்ஸுக்குப் போயிற்று. கூடவே வருகிற எலி எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஊதுபத்தி கொளுத்தினார். மறுநாள் சாம்பிராணி போட்டார். அவள் எலி மருந்துக்காரனைத் திட்டிக்கொண்டே பரண்மேல் ஏறினாள். ஐம்பத்தேழு வயசில் பரண்மேல் ஏறாதே, இறங்கு என்று சத்தம் போட்டார். ஏறவேண்டியதில்லை என்று மட்டும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சொன்னால் பார்க்க வேண்டும், பார்த்தால் டாக்டரிடம் போக வேண்டும், போனால் அடுத்த தெருக் கோதண்டத்துக்கு நடந்த மாதிரி. தபால்காரர் கோதண்டம். முதலில் சுண்டுவிரலை வெட்டினார்கள், ஒரு விரல்தானே என்றார். பிறகு பாதி பாதம். பிறகு முட்டிக்குக் கீழே, பிறகு முட்டிக்கு மேலே. கடைசியில் அவரை எடுத்துப் போனபோது பாடை கனமே இல்லை என்று தூக்கியவர்கள் பேசிக்கொண்டார்கள். கனமே இல்லை. துளசிங்கத்துக்கு அந்த வார்த்தை சாப்பிடும்போதும் வரும், பல் துலக்கும்போதும் வரும்.

"உங்களுக்கு சுகர் எத்தினி சாப்?" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. காட்பாடி பாக்கியநாதன், ராணுவத்துக்குச் சாமான் கொண்டுபோகிற சப்ளை கோரில் லாரி ஓட்டியவர், போன வருஷமும் இதே பெஞ்சில் பார்த்த ஆள். முகம் ஒரு பழுப்பு வட்டமாகத்தான் தெரிந்தது, குரலை வைத்துத்தான் அடையாளம் பிடித்தார். முன்னூற்றுப் பத்து என்றார் துளசிங்கம். இன்னும் சீட்டு வரவில்லை, அது போன தடவை வந்த கணக்கு. "எனக்கு முன்னூத்தி அறுவது. பனிமலையில எட்டு மாசம் லாரி ஓட்னேன் சாப், ஒருநாள் உருண்டுதா? இல்ல. குண்டு பட்டுதா? அதுவும் இல்ல. கடைசில ஜிலேபியில சாவப்போறேன்." அவரே சொல்லி அவரே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு மூச்சு உள்ளே இழுக்கப்பட்டு அப்படியே நிற்பதைத் துளசிங்கம் கேட்டார். கண் மங்கினால் காது கூர்மையாகிவிடும் போலிருக்கிறது. பாக்கியநாதன் பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தார், எழுந்து இரண்டு பக்கமும் பார்த்தார், அப்புறம் எங்கேயும் பார்க்காமல் உட்கார்ந்தார். "தண்ணி குடிச்சிட்டு வர்றேன் சாப்." பழுப்பு வட்டம் எழுந்து போயிற்று. தண்ணீர்த் தொட்டியின் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது, மூடுகிற சத்தம் கேட்டது. பழுப்பு வட்டம் திரும்பி வந்து பெஞ்சின் அந்தக் கடைசியில் உட்கார்ந்துகொண்டது. நடுவில் மூன்று பேர் உட்காருகிற இடம் காலி. யாராவது கத்தியிருந்தால், ஐயே என்று மூக்கைப் பிடித்திருந்தால், துளசிங்கமும் கோபப்பட்டிருக்கலாம். இது மரியாதையாக நடந்துவிட்டது. காலைப் பெஞ்சுக்கு அடியில் உள்ளே இழுத்துக்கொண்டார். இழுத்தாரா என்பதுகூட நிச்சயமில்லை, இழுக்கச் சொல்லி உத்தரவு போட்டார், தொடையில் ஏதோ அசைந்தது, அதனால் இழுபட்டிருக்கும்.

நாற்பத்தொன்று, ஹவில்தார் துளசிங்கம் என்று கூப்பிட்டார்கள். அமிர்தம் இன்னும் வரவில்லை. அவள் வந்த பிறகு வருகிறேன் என்று சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவள் வராமலே முடிந்துவிட்டால் நல்லது என்று அடுத்த கணம் தோன்றியது. நர்ஸ் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். உள்ளே குளிர்ந்த அறை, ஸ்பிரிட் வாசனை. ஸ்பிரிட் வாசனை அவருக்கு ஆறுதலாக இருந்தது, எல்லாவற்றையும் மூடிவிடும். டாக்டர் ஒரு சின்னப் பெண், ஹாஜிரா என்று பெயர் சொன்னாள், ஆம்பூர்ப் பக்கத்துப் பேச்சு. தலையில் போட்டிருந்த துணியின் பச்சை நிறம் மட்டும் அவருக்குப் பிடிபட்டது. "ஐயா, கட்டில்ல ஏறி உக்காருங்க. ஷூ ரெண்டையும் கழட்டிடுங்க." அவர் வலது ஷூவைக் கழற்றினார். வலது சாக்ஸைக் கழற்றினார். அதை ஒழுங்காக மடித்து ஷூவுக்குள் வைத்தார், ஷூவை நேராக்கினார், மறுபடியும் நேராக்கினார். அவள் காத்துக்கொண்டிருந்தாள். இடதைக் கழற்றச் சொல்லி அவள் கட்டாயப்படுத்தவில்லை. "சரி, இதுலேர்ந்து ஆரம்பிக்கலாம். என் கையில தூண்டில் நரம்பு மாதிரி ஒண்ணு இருக்கு. இதால உங்க பாதத்துல அங்கங்க தொடுவேன். கண்ணை மூடிக்குங்க. தொட்டா சொல்லுங்க, 'ம்'னு சொன்னா போதும்."

கண்ணை மூடினார். கலங்கல் போய் இருட்டு வந்தது, அது கொஞ்சம் நிம்மதி. ஒன்றும் தெரியவில்லை. வலது காலில்கூடவா? வலது கால் நல்ல கால் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தார். பாதத்தை நோக்கி மனசை அனுப்பினார், தொடை தாண்டிற்று, முட்டி தாண்டிற்று, அதற்குக் கீழே போனது, அங்கே யாரும் இல்லை. விளக்கில்லாத வீட்டுக்குள் போய்க் கூப்பிடுவது போல இருந்தது. அப்போது ஒரு சின்னச் சத்தம். அவள் கையில் மெல்லிய வளையல் இருந்திருக்க வேண்டும், கை நீளும்போது அது மணிக்கட்டில் இறங்கிக் கிலுங்கியது. "ம்" என்றார். மறுபடி கிலுங்கியது. "ம்." நாற்காலியின் சக்கரம் நகர்ந்தது, துணி உரசியது, கிலுங்கல். "ம்." இந்த வேலை அவருக்குத் தெரியும். சாதாரணமாக மனிதர்கள் கேட்காததைக் கேட்பது, பார்க்காததைப் பார்ப்பது, அதைத்தானே அவர் அணியில் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டாயிரத்து மூன்றில் மேற்கு எல்லையில் மணல்வெளியில் புதைத்த கண்ணிவெடிகளைத் திரும்ப எடுக்க அனுப்பப்பட்ட அணிக்கு அவர்தான் ஹவில்தார். குப்புறப் படுத்து, குத்துக்கம்பியைச் சாய்வாக மணலில் இறக்கி, விரல் அகலத்துக்கு ஒரு குத்து. எதிலாவது முட்டினால் நிறுத்தி, கையால் மணலை விலக்கி. பூட்ஸுக்குள் இருக்கிற உள்ளங்காலுக்கே மணல் இறுகியிருக்கிறதா, கிளறிப் போட்டதா என்று தெரியும். துளசிங்கத்துக்குக் காலில் மூளை இருக்கிறது என்று சுபேதார் சொல்வார். கிலுங்கல். "ம்." நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒன்பதோ பத்தோ ஆகியிருக்கும். இப்படியே போனால் வலது கால் பாஸ், களைப்பாக இருக்கிறது இடதை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிடலாம், அவளுக்கும் வெளியே இன்னும் எத்தனையோ பேர். கிலுங்கியது. "ம்" என்றார். கிலுங்கியது. "ம்."

"ஐயா" என்றாள் டாக்டர். "கடைசியா மூணு தடவை நான் தொடவே இல்லையே."

குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. அதனால்தான் அது நேராக உள்ளே இறங்கியது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தாலும் ஒன்றும் தெரியப்போவதில்லை, மூடியிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் பதில் சொல்லாமல் இருக்கலாம். தொடாத இடத்தில் தொட்டதாகச் சொல்லிவிட்டார். பார்க்காத இடத்தைப் பார்த்ததாக. அன்றைக்கு மணல்வெளியிலும் இப்படித்தான், முப்பது அடிப் பட்டை அது. இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டி, நடுவில் படுத்துக் குத்திக்கொண்டே போக வேண்டும். வெயில் நாற்பத்தாறு. தண்ணீர் பதினொரு மணிக்கே தீர்ந்துவிட்டது. இருபத்தாறு அடி வரைக்கும் குத்தினார், ஒவ்வொரு விரல் அகலமும் குத்தினார், கடவுள் சாட்சியாகக் குத்தினார். மிச்சம் நாலு அடி. புதைத்தவர்களின் வரைபடத்தில் அந்த நாலு அடியில் ஒன்றும் இல்லை. கண்ணுக்கு முன்னால் கறுப்புப் புள்ளிகள் பறந்தன, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாடாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "துளசிங்கம், முடிஞ்சுதா?" என்று கேட்டார்கள். "கிளியர் சாப்" என்றார். இரண்டு வார்த்தை. சொல்லும்போது பொய் சொல்கிற உணர்வே இல்லை, வரைபடத்தில் இல்லாத ஒன்று அங்கே எப்படி இருக்கும்? மறுநாள் காலை நாடாச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு முனிரத்தினம் அந்தப் பட்டையில் நடந்தான். தர்மபுரிப் பையன், லான்ஸ் நாயக் ஆகி இரண்டு மாதம்கூட ஆகாதவன். சத்தம் பெரிதாகக்கூட இல்லை, யாரோ தகரக் கதவை அறைந்து சாத்தின மாதிரி. ஓடிப்போய்ப் பார்த்தபோது அவன் உட்கார்ந்துகொண்டு மணலைத் துழாவிக்கொண்டிருந்தான். "அண்ணா, என் பூட்ஸ எங்கண்ணா, இப்பதான் மாட்டிக்கினு வந்தேன்" என்றான். காற்றில் மணல்மேடு நகரும்போது வெடியும் இடம் மாறிவிடும், அப்படி மாறியதுதான் இது என்று விசாரணையில் எழுதினார்கள். அப்படி நடப்பதும் உண்டு. துளசிங்கம் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அப்படி எழுதியதை அவரே நம்ப ஆரம்பிக்க எட்டு வருஷம் பிடித்தது, நம்பிய பிறகு ஒரே ஒரு வருஷம்தான் நன்றாகத் தூங்கினார்.

முனிரத்தினம் இன்னும் பேசுகிறான். வருஷம் பிறந்தால் முதல் போன் அவனுடையதுதான். ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான், இரண்டு பெண் குழந்தைகள். இந்த ஜனவரியில்கூடச் சிரித்துக்கொண்டே சொன்னான், "அண்ணா, இல்லாத கால்ல கட்டைவிரல் அரிக்குதுண்ணா. நடு ராத்திரில எழுந்து உக்காந்துக்குறேன், எங்கண்ணா போய்ச் சொறியறது?" அவன் இடது கால் முட்டிக்குக் கீழே மணலிலேயே போய்விட்டது, அது இன்னும் அவனுக்கு அரிக்கிறது. துளசிங்கத்துக்கு இரண்டு காலும் இருக்கின்றன. அந்த போனில் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. முனிரத்தினம், அந்த நாலு அடி. அவ்வளவு போதும், மீதியை அவனே புரிந்துகொள்வான். "உங்க சுகர் எப்பிடிண்ணா இருக்குது, கால பாத்துக்குங்கண்ணா" என்று அவன் கேட்டுவிட்டான். காலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவனே சொல்லுகிறான்! கட்டுக்குள் இருக்கிறது என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். அவர் பார்த்துக்கொள்ளவில்லை. இந்த ஒன்பது நாளும் காலைப் பார்க்காமல் விட்டது தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட தண்டனையாக இருக்குமோ என்று இப்போது தோன்றியது. உடனே, அப்படி நினைப்பதுகூட ஒரு வசதிதான், பயத்துக்கு நல்ல பெயர் வைக்கிறோம் என்றும் தோன்றியது. பயம்தான். வெறும் பயம்.

"ஒண்ணும் தெரியலம்மா" என்றார். குரல் தனக்கே புதிதாக இருந்தது. "முதல்லேர்ந்தே ஒண்ணும் தெரியல. உங்க வளையல் சத்தத்த வச்சி சொன்னேன்."

வளையலைக் கழற்றி மேசைமேல் வைக்கிற சத்தம் கேட்டது. "பரவாயில்ல ஐயா. நிறைய பேர் இப்பிடிச் சொல்றதுதான். இப்ப அந்த இன்னொரு ஷூவக் கழட்டலாமா?" அவர் அசையவில்லை. "நீங்க உள்ள வந்தப்பவே எனக்குத் தெரியும் ஐயா" என்றாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "வீட்டுலேர்ந்து யாரு வந்திருக்காங்க?" அவங்க வேணாம் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கதவு திறந்து, மாத்திரைப் பையின் சரசரப்போடு அமிர்தம் உள்ளே வந்துவிட்டாள். "எழுந்து போவாதீங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன், தேடிக்கினு வர்றேன்" என்று ஆரம்பித்தவள், ஒரு கால் வெறுமையாகவும் ஒரு கால் ஷூவோடும் இருப்பதைப் பார்த்து நிறுத்தினாள். பையைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அவர் வேண்டாம் அமிர்தம் என்றார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கயிற்று முடிச்சை அவிழ்த்தாள், ஷூவை இழுத்தாள். அது வந்துவிட்டது. சாக்ஸ் வரவில்லை. அடிப்பாகம் எதிலோ ஒட்டிக்கொண்டிருந்தது. நர்ஸ் ஒரு பாட்டிலிலிருந்து தண்ணீர் மாதிரி எதையோ ஊற்றி ஊற வைத்தாள். எல்லாருடைய மூச்சும் தனித்தனியாகக் கேட்டது. பிறகு சாக்ஸ் உரிந்தது. ஸ்பிரிட் வாசனையை மீறிக்கொண்டு அது எழுந்தது.

துளசிங்கத்துக்கு ஒன்றும் தெரியவில்லை, வலியும் தெரியவில்லை, பார்வையும் தெரியவில்லை. தன்னைத் தவிர அறையில் இருக்கிற எல்லாரும் தன் காலைப் பார்க்கிறார்கள். டாக்டர் சொல்லச் சொல்லத்தான் அவருக்கு அது உருவாகிக்கொண்டு வந்தது. கட்டைவிரலுக்குக் கீழே, உருண்டையான இடத்தில், ரூபாய் அளவு பள்ளம். ஓரமெல்லாம் கறுப்பு. இரண்டாவது விரலும் நிறம் மாறியிருக்கிறது. நர்ஸ் ஷூவுக்குள் கையை விட்டுப் பார்த்து, "டாக்டர், இங்க பாருங்க" என்றாள். அடித்தோலில் அடித்திருந்த ஆணி ஒன்று கழன்று மேல்பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கால் அங்குலம் இருக்கும். எத்தனை நாளாக அதன்மேல் நடந்தாரோ. வாரத்தில் ஆறு நாள் அந்த ஷூவுக்குப் பாலிஷ் போடுவார், முகம் தெரிகிற மாதிரி பளபளக்கும், உள்ளே ஒரு விரலை விட்டுப் பார்த்ததில்லை. அமிர்தம் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் குரல் மிகவும் தணிவாக வந்தது. "மூணு நாளா என்ன எலி தேட வுட்டீங்களே." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு, "பரண்மேல ஏறினேனே, அப்பக்கூடச் சொல்லலியே" என்றாள். அவர் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, உத்தரவுக்குக் காத்திருக்கிற சிப்பாய் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் நேராகச் சொன்னாள். இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. எலும்பு வரைக்கும் போயிருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டு விரல் போவது கிட்டத்தட்ட நிச்சயம், அதற்கு மேலே எவ்வளவு என்பதை ரத்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள். "முன்னாடியே வந்திருந்தா?" என்று அமிர்தம் கேட்டாள். டாக்டர் மேசைமேல் ஒரு தாளை எடுத்து வைத்தாள். "ஐயா, அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை எழுதிக் கொடுத்துடறேன். இந்தக் கால்ல எதுவரைக்கும் உணர்ச்சி இல்லன்னு. இதுக்கும் அறுக்கிற அளவுக்கும் சம்பந்தமில்ல, பயப்படாதீங்க. இந்தத் தடவை மட்டும் உள்ளதச் சொல்லுங்க."

கண்ணை மூடினார். இப்போது கிலுங்கல் இல்லை. அவர் கேட்க எதுவுமே இல்லை, வெளியே யாரோ இருமியதைத் தவிர.

"விரல்ல தொடறேன். தெரியுதா?"

"இல்ல."

"குதிகால்?"

"இல்ல."

"மேல் பாதம்?"

"இல்லம்மா."

அமிர்தம் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு இல்லைக்கும் அவள் மூச்சு ஒரு படி இறங்குகிறது. மாற்றிச் சொல்லிவிடலாம், ஒரே ஒரு 'ம்', அவளுக்காக. இருட்டுக்குள் பாதத்தைத் தேடிப் போனார், யாரும் இல்லை, இன்னும் கொஞ்சம் மேலே வந்து நின்று காத்திருந்தார்.

"கணுக்கால்?"

"இல்ல."

"கணுக்காலுக்கு மேல நாலு விரக்கடை."

"இல்ல."

"இன்னும் மேல வர்றேன். அவசரமில்ல, நல்லா யோசிச்சிச் சொல்லுங்க."

யோசித்தார். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. அப்புறம் ஏதோ ஒன்று இருந்தது. முதலில் நம்பவில்லை, தன் ஆசைதான் என்று நினைத்தார். ஆனால் அது விலகவில்லை. முட்டிக்குச் சற்றுக் கீழே, கெண்டைச் சதையைச் சுற்றி, வெதுவெதுப்பாக, அழுத்தமாக, நடுங்கிக்கொண்டிருந்தது.

"இருக்குது" என்றார். "டாக்டரம்மா, இங்க தெரியுது. நெசமாத்தான் சொல்றேன்."

"அது நான் இல்ல ஐயா" என்றாள் டாக்டர் ஹாஜிரா. "அம்மா பிடிச்சிக்கிட்டிருக்காங்க."